செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல் இணைய விரிவுரைகள்: வேலூர் மாணவர்கள் எதை எடுக்கலாம், எதற்குமேல் போகவேண்டாம்

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் படிப்பவர்கள், விஐடியில் படிப்பவர்கள், சிஎம்சி போன்ற இடங்களில் ஆய்வகப் பணிக்கு முயல்பவர்கள் எல்லோருக்கும் இன்று ஒரே சிக்கல். உலகின் நல்ல பல்கலைக்கழக விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஆர்வமாகத் தொடங்கியது ஐந்தாறு வீடியோக்களிலேயே நின்றுபோகிறது. பார்த்தபோது எல்லாம் புரிந்தது போலிருக்கும். ஆய்வு உதவித்தொகைக்கும் விரிவுரையாளர் தகுதிக்குமான நெட் தேர்வின் மூன்றாம் பகுதிக் கேள்வி ஒன்றை எடுத்தால் கை ஓடாது.

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டவை: அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் இலவசத் தளம் ஓப்பன்கோர்ஸ்வேரில் உள்ள 7.016, எம்ஐடியின் 7.28எக்ஸ் (இரண்டும் பாட எண்கள்), நம் நாட்டு என்பிடெல், ஐபயாலஜி, அமிர்தா பல்கலைக்கழகத்தின் மெய்நிகர் ஆய்வகம். எல்லாவற்றுக்கும் எடைக்கல் ஒன்றுதான்: விரிவுரையோடு பயிற்சிக் கணக்குகளும் விடைகளும் வருகின்றனவா, அந்தக் கணக்குகள் நம்மை யோசிக்க வைக்கின்றனவா? பேராசிரியர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார், படக்காட்சி எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு ஓர் உதாரணம். ஈ. கோலை பாக்டீரியாவின் குரோமோசோமில் சுமார் 46 லட்சம் கார இணைகள். இரட்டிப்பாதல், அதாவது டிஎன்ஏ நகலெடுப்பு, ஓரிடத்தில் தொடங்கி இரு திசையிலும் இரண்டு கவைகளாக ஓடுகிறது. ஒவ்வொரு கவையும் நொடிக்கு ஏறக்குறைய 1000 கார இணைகளைக் கடக்கும். அப்படியென்றால் ஒரு கவை 23 லட்சம் கடக்க வேண்டும்: 2300 நொடி, அதாவது 38 நிமிடம். ஆனால் சத்தான ஊடகத்தில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. 38 நிமிட வேலையை முடிக்காமல் 20 நிமிடத்தில் எப்படிப் பிரியும்? முதல் சுற்று முடியும் முன்பே தொடக்கப் புள்ளியில் அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பிறக்கும் செல் பாதி இரட்டிப்பான குரோமோசோமோடுதான் பிறக்கிறது. ஹெலிகேஸ், பிரைமேஸ், லிகேஸ் என்று நொதிப் பட்டியலை மனப்பாடம் செய்தவருக்கு இந்த முரண் கண்ணிலேயே படாது. கணக்கைப் போட்டவருக்குத்தான் படும்.

எம்ஐடி 7.016: தொடக்கத்துக்கு இதுதான்

2018 இலையுதிர் பருவத்தில் பார்பரா இம்பீரியாலியும் ஆடம் மார்ட்டினும் வகுப்பறையில் நடத்திய அறிமுக உயிரியல் பாடம். மொத்தம் 35 விரிவுரைகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வீடியோ, எழுத்துப் படி, பயிற்சித்தாள்கள், தேர்வுத்தாள்கள், அவற்றின் விடைகள் எல்லாம் இலவசம். பதிவு செய்யவும் தேவையில்லை. பயிற்சித்தாளுக்கு விடையும் சேர்ந்து கிடைப்பது ஒன்றுக்காகவே இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

வேதியியலில் தொடங்குகிறார்கள்: பிணைப்புகள், அமினோ அமிலங்கள், நொதிகள், சர்க்கரைகள், நியூக்ளிக் அமிலங்கள். பிறகு இரட்டிப்பாதல், படியெடுத்தல், குரோமாட்டினும் ஸ்பிளைசிங்கும், மொழிபெயர்த்தல். அடுத்து மரபியல், குளோனிங், மரபணு வரிசையறிதல். அதன்பின் செல்லுக்குள் புரதப் போக்குவரத்து, செல் சமிக்ஞைகள், நரம்புச் செல், செல் சுழற்சி, புற்றுநோய், செல்களைப் படம்பிடிக்கும் முறைகள், நோய் எதிர்ப்பு, வைரஸ்.

நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, முதல் ஐந்து விரிவுரைகளை 'இதெல்லாம் பிளஸ் டூவிலேயே படித்ததுதான்' என்று தாண்டிவிடுவது. தாண்டினால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். உடலின் அமிலகாரத் தன்மையில், அதாவது பிஎச் 7.4-இல், லைசின் நேர்மின்னூட்டத்தோடும் குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டத்தோடும் இருக்கும். வேலின் நீரைத் தவிர்க்கும். அரிவாள் செல் சோகையில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வேலின் வந்து உட்கார்கிறது. மின்னூட்டம் போய், நீரைத் தவிர்க்கும் திட்டு ஒன்று புரதத்தின் வெளிப்புறத்தில் முளைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் அந்தத் திட்டு பக்கத்து ஹீமோகுளோபினில் உள்ள பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு, மூலக்கூறுகள் இழைகளாகக் கோத்துக்கொள்கின்றன. ஓர் எழுத்துப் பிழை நோயாவது எப்படி என்று விளக்க, அந்த 'சுலபமான' மூன்றாம் விரிவுரைதான் வேண்டும். மரபியல் விரிவுரைகளில் மெண்டல் பகுதியை மட்டும் வேகமாக ஓட்டலாம். மரபணுப் பிணைப்பும் குறுக்கெதிர் மாற்றமும் வரும்போது வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று விரிவுரை என்றால் 12 வாரத்தில் முடியும். விரிவுரைக்கு முன் தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் மூலக்கூறு மரபியல் பாடத்தை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது பெரிய ஊன்றுகோல், புத்தகமும் இணையத்தில் இலவசம். பிறகு எழுத்துப் படியைப் பக்கத்தில் வைத்து 0.75 வேகத்தில் வீடியோ. உச்சரிப்பு பழகினபின் சாதாரண வேகத்துக்கு மாறலாம். பேராசிரியர் ஒரு சோதனையை விவரிக்கத் தொடங்கியதும் வீடியோவை நிறுத்தி, முடிவு என்னவாக இருக்கும் என்று தாளில் எழுதுங்கள், எழுதியபின் ஓடவிடுங்கள். பயிற்சித்தாளை விடை பார்க்காமல் முழுதாக எழுதி முடித்து, மறுநாள் விடையோடு ஒப்பிடுங்கள். விடையைப் படித்துக்கொண்டே கணக்கைப் படித்தால் எல்லாம் தெரிந்தது போலத்தான் இருக்கும், ஒன்றும் நிற்காது.

தினசரி டேட்டா வரம்புள்ள சிம் வைத்திருப்பவர்கள் 360பி தரத்தில் பார்த்தால் ஒரு விரிவுரைக்குச் சுமார் 250 எம்பி போகும். கரும்பலகை எழுத்து அந்தத் தரத்தில் படிக்க முடிகிறது. கல்லூரி வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஓப்பன்கோர்ஸ்வேர் வீடியோக்களைக் கோப்பாக இறக்க அனுமதி உண்டு.

குறைகளும் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுகப் பாடம் என்பதால் அகலம் அதிகம், ஆழம் குறைவு. செல்லுக்குள் புரதப் போக்குவரத்துக்கு ஒரே விரிவுரை, சமிக்ஞைகளுக்கு இரண்டு. செல் சட்டகம், சவ்வு வெசிக்கிள்கள், ஒட்டுப் புரதங்கள் ஆகியவற்றில் நெட் கேட்கும் அளவுக்கு இது போதவே போதாது. ஜாம், கேட்-பி போன்ற முதுகலை நுழைவுத் தேர்வுகளுக்கு உறுதியான அடித்தளம். நெட்டுக்கு இது முதல் படி மட்டும்.

ஆழம் வேண்டுமென்றால் 7.28எக்ஸ்

எடெக்ஸ் தளத்தில் எம்ஐடி வைத்துள்ள மூலக்கூறு உயிரியல் பாடம் இது. மூன்று பகுதிகள்: இரட்டிப்பாதலும் பழுதுநீக்கமும்; படியெடுத்தலும் இடம்மாறும் மரபுக்கூறுகளும்; ஆர்என்ஏ செப்பனிடுதலும் மொழிபெயர்த்தலும். வீடியோக்கள் சிறியவை, இடையிடையே கேள்விகள். இதன் பெருமை, உண்மையான ஆய்வுத் தரவைக் கொடுத்து 'இந்த ஜெல் படத்திலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள்' என்று கேட்பதுதான்.

நெட் வாழ்வறிவியல் தாளின் மூன்றாம் பகுதி கேட்பதும் இதையே. 75 கேள்விகளில் 25-க்கு விடையளிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், மொத்தத் தாளில் பாதியான 100 மதிப்பெண் அங்கே இருக்கிறது. தவறான விடைக்குக் கால்பங்கு கழியும். அந்தப் பகுதிக்கு இதைவிட நல்ல பயிற்சி இலவசமாகக் கிடைப்பது அரிது. கவனிக்க வேண்டியது, எடெக்ஸில் காசு கட்டாமல் சேர்ந்தால் பாடம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் திறந்திருக்கும். ஆகவே 7.016-ஐ முடிக்காமல் இதில் சேர வேண்டாம்; அங்கே கால் ஊன்றுவதற்குள் இங்கே கதவு மூடிவிடும்.

என்பிடெல்: சான்றிதழுக்கும் கிரெடிட்டுக்கும்

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் செல் உயிரியல், மூலக்கூறு உயிரியல், மரபணுப் பொறியியல் என்று பல பாடங்கள் வெவ்வேறு பருவங்களில் வருகின்றன. விரிவுரைத் தரம் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. சிலவற்றில் பேராசிரியர் சோதனைகளை அடுக்கடுக்காகக் கட்டி எழுப்புகிறார். சிலவற்றில் திரையில் இருப்பதை வாசித்துச் செல்கிறார். சேரும் முன் முதல் வாரத்தில் இரண்டு வீடியோக்களையும், நடுவில் ஏழாம் எட்டாம் வாரத்தில் ஒன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் வாரம் எல்லாப் பாடமும் நன்றாகத்தான் இருக்கும்.

எடைக்கல்லில் வைத்தால் என்பிடெல் எம்ஐடிக்கு அடுத்த இடம்தான். வாராந்தரப் பயிற்சிகளில் பெரும்பாலானவை நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நினைவாற்றலைச் சோதிப்பவை அதிகம். ஆனால் எம்ஐடி தராத ஒன்றை இது தருகிறது: நம் கல்லூரி ஏற்கும் மதிப்பெண். 2021-இல் வந்த யுஜிசி விதியின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் அரசுத் தளமான ஸ்வயம் வழியாக எடுக்க இடமுண்டு. உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை எத்தனை கிரெடிட்டுக்கு ஏற்கும் என்பதைத் துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கியபின் சேருங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள்.

மதிப்பெண் கணக்கு இப்படி: பயிற்சிகளுக்கு 25, மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் 12 பயிற்சிகளில் சிறந்த 8-இன் சராசரியை எடுப்பார்கள். 8 வாரப் பாடத்தில் சிறந்த 6. சான்றிதழுக்குப் பயிற்சியில் 25-க்கு 10-உம் தேர்வில் 75-க்கு 30-உம் தனித்தனியே வேண்டும். பயிற்சியில் 24 வாங்கிவிட்டுத் தேர்வில் 28 வாங்கினால் கூட்டுத்தொகை 52 வந்தாலும் சான்றிதழ் கிடையாது. இன்னொரு பொறி: பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குப் பதிவது தனி, அதற்குத்தான் ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். பாடத்தில் சேர்ந்ததே தேர்வுக்கும் போதும் என்று நினைத்துப் பதிவுத் தேதியைத் தவறவிடுபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

ஐபயாலஜி: முதல் பகுதியை மட்டும்

2006-இல் செல் உயிரியலாளர் ரான் வேல் தொடங்கியது. உலகின் முன்னணி ஆய்வாளர்கள் தங்கள் துறையைத் தாங்களே விளக்குகிறார்கள். பெரும்பாலும் ஒரு பேச்சு இரண்டு மூன்று பகுதிகளாக இருக்கும்: முதல் பகுதி துறை அறிமுகம், அடுத்தவை பேசுபவரின் சொந்த ஆய்வு. இளங்கலை மாணவர்கள் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். 7.016 சுருக்கமாக விட்டுவிட்ட செல் சட்டகத்தையும் மோட்டார் புரதங்களையும் இங்கே நிரப்பிக்கொள்ள வேண்டும். கைனசின் என்ற மோட்டார் 1985-இல் கண்டறியப்பட்டது. நுண்குழல் மேல் ஒரு ஏடிபிக்கு 8 நானோமீட்டர் வீதம் அடியெடுத்து நடக்கிறது. அந்த ஒற்றை அடியை எப்படி அளந்தார்கள் என்று வேலே சொல்லும் பகுதி, இயற்பியலும் உயிரியலும் கைகோக்கும் இடம். தளத்தின் நுண்ணோக்கியியல் பாடமும் சிறப்பு. ஒளிரும் நுண்ணோக்கி கையில் கிடைக்காத கல்லூரி மாணவர் இதைப் பார்த்திருந்தால், ஆய்வகத்தில் சேரும் முதல் நாள் தடுமாற மாட்டார். பயிற்சிக் கணக்குகள் குறைவு என்பதால் இதைத் துணைப்பாடமாக மட்டும் வையுங்கள்.

மெய்நிகர் ஆய்வகமும் அதன் எல்லையும்

அமிர்தாவின் மெய்நிகர் ஆய்வகத்தில் ஜெல் எலக்ட்ரோஃபோரெசிஸ் (டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிப்பது), பிளாஸ்மிட் பிரித்தெடுத்தல் போன்றவற்றைத் திரையில் செய்து பார்க்கலாம். படிகளின் வரிசை மனதில் பதிய நல்ல வழி. ஆனால் திரையில் எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆய்வகத்தில் பாதி நேரம் கெட்டதைக் கண்டுபிடிப்பதிலேயே போகும்.

ஆகவே திரைச் சோதனையோடு தாளில், டிஎன்ஏவைப் பெருக்கும் முறையான பிசிஆரின் கலவைக் கணக்கையும் போட்டுப் பழகுங்கள். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு: பத்து மடங்குச் செறிவுள்ள பஃபர் 2.5 (அதிலேயே மெக்னீசியம் 15 மில்லிமோலார் இருந்தால் கலவையில் 1.5 ஆகும்), ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார் உள்ள டிஎன்டிபி கலவை 0.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றும் 1, மைக்ரோலிட்டருக்கு 5 அலகு உள்ள டாக் நொதி 0.2, மாதிரி டிஎன்ஏ 1, மீதி 18.8 தண்ணீர். இதில் 0.2 மைக்ரோலிட்டரைத் தனியாக அளக்க சாதாரண பிப்பெட்டால் முடியாது. அதனால்தான் எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து ஒரே கலவை செய்கிறோம். மாதிரி 8, டிஎன்ஏ போடாத கட்டுப்பாடு 1 என்றால் 10 குழாய்க்குக் கலவை போடுங்கள்; பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு குறைவது எப்போதும் நடக்கும்.

கட்டுப்பாட்டுக் குழாயில் பட்டை தெரிந்தால் எதிலோ டிஎன்ஏ கலந்துவிட்டது, அன்றைய முடிவு எதையும் நம்பக் கூடாது. எங்குமே பட்டை இல்லையென்றால் நொதி விட்டுப்போயிருக்கலாம், அல்லது பிரைமர் ஒட்டும் வெப்பநிலை அதிகமாக இருக்கலாம். 100 கார இணைக்கும் கீழே மங்கலாக ஒரு கறை தெரிந்தால் பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியவை. ஜெல்லில் 1 சதவீதத்துக்கு 100 மில்லி டிஏஈ பஃபரில் 1 கிராம் அகரோஸ். பஃபருக்குப் பதில் தண்ணீரில் கரைத்துவிட்டால் மின்சாரம் சரியாகப் பாயாது. டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் உடையது, நேர்முனை நோக்கி ஓடும். ஒயரை மாற்றிச் சொருகினால் குழிகளிலிருந்து பின்பக்கமாக ஓடி பஃபரில் போய்விடும்.

பாடத்தை ஊரோடு கட்டிப்போட

வெளிநாட்டு விரிவுரைகளின் உதாரணங்கள் நமக்குத் தூரமாகத் தெரியலாம். வேலூரில் அந்தக் குறை வரவே கூடாது. மரபணு வரிசை பற்றிய 17-ஆம் விரிவுரை முடிந்ததும் மரபணுத் தரவுத் தளமான என்சிபிஐயில் தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியைத் திறந்து பாருங்கள். 1955 முதல் கரிகிரி தொழுநோய் மையத்தில் சிகிச்சையும் ஆய்வும் நடக்கும் அதே நோய். அந்தக் கிருமியை இன்றுவரை செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை; எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோவிலும்தான் வளர்க்கிறார்கள், ஒருமுறை பிரிய 12 முதல் 14 நாள் ஆகிறது. காரணத்தின் ஒரு பகுதி 2001-இல் வெளியான மரபணுத் தொகுதியில் இருக்கிறது: சுமார் 32.7 லட்சம் கார இணைகள், வேலை செய்யும் புரத மரபணுக்கள் சுமார் 1600, செயலிழந்த போலி மரபணுக்கள் 1100-க்கும் மேல். காசநோய்க் கிருமியில் 44 லட்சம் கார இணைகள், சுமார் 4000 மரபணுக்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த வளர்சிதைமாற்றப் பாதைகள் உடைந்திருக்கின்றன என்று தேடுவது ஒரு மாத வேலைக்குத் தாங்கும்.

ஸ்பிளைசிங் விரிவுரைக்குப் பின் பீட்டா குளோபின் மரபணுவை எடுங்கள். 11-ஆம் குரோமோசோமில் மூன்று எக்ஸான்களும் இரண்டு இன்ட்ரான்களும் (ஸ்பிளைசிங்கில் வெட்டி நீக்கப்படும் பகுதிகள்) கொண்ட சிறிய மரபணு, கையாலேயே வரைந்துவிடலாம். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பொதுவான பிறழ்வு முதல் இன்ட்ரானின் ஐந்தாம் எழுத்தில், ஜி இருந்த இடத்தில் சி. எக்ஸானைத் தொடாத ஒரு மாற்றம் புரதத்தை ஏன் குறைக்கிறது என்று எழுத முடிந்தால் 9-ஆம் விரிவுரை உங்களுக்குப் புரிந்துவிட்டது. அரிவாள் செல் பிறழ்வில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகும்போது எம்எஸ்டி-2 என்ற வெட்டு நொதி அடையாளம் காணும் இடம் அழிகிறது, 1.15 கிலோபேஸ் துண்டு வர வேண்டிய இடத்தில் 1.35 கிலோபேஸ் துண்டு வருகிறது. நோயாளி, கடத்தி, நலமானவர் மூவரின் ஜெல்லையும் வரையுங்கள். கடத்திக்கு இரண்டு பட்டைகள் வரையாதவர்கள் விரிவுரை 12-க்குத் திரும்பிப் போக வேண்டும்.

முதுகலை மாணவர்களுக்கு இன்னொன்று. பாகாயத்தில் சிஎம்சி வளாகத்திலுள்ள தண்டுசெல் ஆய்வு மையத்தினர் ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு மரபணுச் சிகிச்சை கொடுத்து, ஐந்து நோயாளிகளின் முடிவுகளை 2024-இல் வெளியிட்டார்கள். பொதுவாக இத்தகைய சிகிச்சைக்கு ஏஏவி வைரஸைப் பயன்படுத்துவார்கள். அதில் ஏற்றக்கூடியது சுமார் 4.7 கிலோபேஸ். உறைதல் காரணி எட்டின் முழுக் குறிமுறை வரிசை 7 கிலோபேஸ். இவர்கள் லென்டிவைரஸில் மரபணுவை ஏற்றி, நோயாளியின் சொந்த இரத்தத் தண்டுசெல்களுக்குள் செலுத்தினார்கள். 7.016-இன் குளோனிங், தண்டுசெல், வைரஸ் விரிவுரைகள் மூன்றையும் முடித்தபின் அந்தக் கட்டுரையை எடுங்கள். ஏஏவி கல்லீரல் செல்லில் குரோமோசோமுக்கு வெளியே தங்கும், லென்டிவைரஸ் குரோமோசோமுக்குள் நுழைந்துகொள்ளும். இந்த வேறுபாட்டால் வரும் நன்மை ஒன்றையும் ஆபத்து ஒன்றையும் எழுதிவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.

காலக் கணக்கு: என்பிடெல் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. மே மாத விடுமுறையில் 7.016-இன் முதல் 11 விரிவுரைகளையும் அவற்றின் பயிற்சித்தாள்களையும் முடித்துவிட்டால், ஜூலைப் பருவத்து மூலக்கூறு உயிரியல் பாடத்தில் சேரத் தயாராகிவிடுவீர்கள். தேர்வுக்குப் பதியும்போது நகரப் பட்டியலில் வேலூர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ரயில் வசதியுள்ள ஊரைக் கொடுங்கள். பதிவு மூடியபின் நகரத்தை மாற்றலாம் என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டாம்.